ஈகோ நிவாஸ் சம்ஹிதா: மொட்டை மாடிக்குக் கீழே இருப்பவரின் கணக்கு

சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் ஒரு மே மாதமாவது இருந்தவர்களுக்கு இது புதுசில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஃபேனைப் போட்டால் மேலேயிருந்து சூடான காற்றுதான் இறங்கும். பால்கனியில் போய் நின்றால் பரவாயில்லாமல் இருக்கும், உள்ளேதான் அனல். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், ராத்திரியில் அதை நம் தலையில் இறக்குகிறது.

அப்படி ஒரு வீட்டில் ஆறு வருஷம் வாடகைக்கு இருந்த எரிச்சலோடுதான் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'வைப் படித்தேன். குடியிருப்புக் கட்டடங்களுக்காக மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் (பி.இ.இ.) 2018 டிசம்பரில் கொண்டுவந்த விதித்தொகுப்பு இது. சுவர், கூரை, ஜன்னல் பற்றிய அதன் முதல் பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கல்லால் கட்டு, அந்தக் கண்ணாடி போடு என்று அது பொருளைத் திணிப்பதில்லை. எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம் என்று மட்டும் எல்லை போடுகிறது. ஜன்னல் விஷயத்தில் ஏமாறவும் இல்லை. ரெண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும், அதனால் 50 சதவீதம்தான் கணக்கு. வெளிப்பக்கம் திறக்கும் பழைய மாதிரி ஜன்னலுக்கு 90 சதவீதம். பிளானில் பெரிய கண்ணாடியைக் காட்டி 'நல்ல காற்றோட்டம்' என்று விற்கும் பில்டர்கள் இந்த வரியைப் படிக்க வேண்டும்.

கூரை

கூரை வழியாக வெப்பம் கடக்கும் வேகத்தை 'யூ மதிப்பு' என்பார்கள். குறைய குறைய நல்லது. விதி அனுமதிக்கும் உச்சம் 1.2. நம் ஊர் வழக்கப்படி கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு தட்டோடு பதித்த கூரைக்கு, பொருட்களின் வழக்கமான வெப்பக் கடத்தும் திறனை வைத்து நான் போட்ட கணக்கில் சுமார் 2.2 வருகிறது. ஆக, விதி இப்போதைய நிலையைப் பாதியாக்கச் சொல்கிறது. நல்லதுதானே?

10-க்கு 10 அடி அறையை எடுத்துக்கொள்வோம். மாடித் தரை 60 டிகிரி, அறை 32 டிகிரி என்று வைத்து, தளம் வெப்பத்தைத் தேக்குவதை விட்டுவிட்டு ஒரு தோராயக் கணக்கு:

- வழக்கமான தட்டோட்டுக் கூரை (2.2): சுமார் 630 வாட்
- விதியின் எல்லை (1.2): சுமார் 330 வாட்
- தளத்தின் மேல் 50 மி.மீ. நுரைப்பலகை சேர்த்தால் (சுமார் 0.5): சுமார் 130 வாட்

அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பில் சொன்னால், உத்தரத்தில் பத்து பல்பு எரிகிற அறை, விதிப்படி ஐந்தரை பல்புக்கு வருகிறது. ரெண்டு பல்புக்கே கொண்டுவந்திருக்கலாம். 1.2-ஐத் தொட ஒன்றரை சென்டிமீட்டர் நுரைப்பலகையே போதும். தட்டோட்டுக்கு அடியில் பலகை வைப்பது என்று முடிவானால், ஒன்றரை சென்டிமீட்டர் வைத்தாலும் ஐந்து வைத்தாலும் கூலி ஏறக்குறைய ஒன்றுதான். கூடுவது பலகையின் விலை மட்டும். வேலை செய்கிற அன்றைக்கே முழுசாகச் செய்யச் சொல்லாமல் பாதி வழியில் நிறுத்தியதுதான் என் முதல் குறை. கூரையை அப்புறம் பிரித்துத் திரும்பச் செய்ய யாரும் வரப்போவதில்லை.

சுவருக்கு வேறு அளவு: ஆர்.இ.டி.வி., சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. இது கட்டடம் முழுமைக்குமான சராசரி. வடக்குச் சுவரின் புண்ணியத்தில் மேற்கு வெயில் வாங்கும் வீடும் பாஸாகிவிடும்.

காற்று

சென்னை வெப்பமும் ஈரப்பதமும் கலந்த மண்டலம். இங்கே திறக்கக்கூடிய பரப்பு, கார்ப்பெட் ஏரியாவில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு. 900 சதுர அடி வீட்டுக்கு 150 சதுர அடி. பால்கனிக் கதவும் இதில் சேரும் என்றாலும், 4-க்கு 4 ஸ்லைடிங் ஜன்னல் ஒன்று 8 சதுர அடிதான் தரும் என்பதை யோசித்தால் இது கறாரான எண்.

ஆனால் எண் மட்டும்தான் கறார். அந்த 150 சதுர அடியும் எந்தச் சுவரில் இருக்க வேண்டும் என்று இந்த விகிதம் கேட்பதில்லை. ஒரே பக்கச் சுவரில் எல்லாவற்றையும் வைத்தாலும் கணக்கு சரியாக வந்துவிடும். காற்று நுழைய ஒரு வழி, வெளியேற எதிர்ப்பக்கம் இன்னொரு வழி இல்லாவிட்டால் தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று ஜன்னலைத் தொட்டுவிட்டுப் போய்விடும். பழைய வீடுகளில் கதவு, ஜன்னலுக்கு மேலே சின்னதாக வெண்டிலேட்டர் இருக்கும். கொசுவுக்கும் திருடனுக்கும் பயந்து ராத்திரி ஜன்னலைச் சாத்தினாலும், மேலே சேர்ந்த சூடு அது வழியாகப் போகும். 16.66-க்குள் அப்படி ஒரு திறப்புக்குத் தனி இடம் கொடுத்திருக்கலாம்.

யாருக்கு?

என் பெரிய குறை இதுதான். விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு. நம் கணக்கில் ரெண்டே கால் கிரவுண்டு. ஒரு கிரவுண்டு 223 சதுர மீட்டர்தான். அரை கிரவுண்டில் கீழே ஓனர், மேலே ரெண்டு வாடகைக் குடும்பம் என்று எழும்பும் வீடுகள் மொத்தமும் வெளியே நிற்கின்றன. கூரையின் சூட்டை அதிகம் வாங்குவதும் அவைதான்: நாலு மாடியில் பதினாறு வீடு இருந்தால் நாலு பேருக்குத்தான் கூரை, தனி வீட்டின் மேல்தளத்தில் எல்லாருக்குமே கூரை.

இதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. நுரைப்பலகைக்குக் காசு கொடுப்பவர் ஓனர், கரண்ட் பில் கட்டுபவர் குடித்தனக்காரர். தனக்கு லாபமில்லாத செலவை யார் செய்வார்? விதி தேவைப்படுவதே இந்த இடத்தில்தான், அங்கேயே அது ஒதுங்கிக்கொள்கிறது.

மாநிலங்களும் உள்ளாட்சிகளும் இந்த 500-ஐக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஆவணமே அனுமதி தருகிறது. எல்லா வீட்டுக்கும் எல்லாக் கணக்கும் வேண்டாம். அரை கிரவுண்டு வீட்டுக்காரர் ஆர்.இ.டி.வி. போட வேண்டியதில்லை. 'தட்டோட்டுக்கு அடியில் 50 மி.மீ. பலகை, ஒவ்வொரு படுக்கையறைக்கும் ரெண்டு திசையில் திறப்பு' என்று ரெண்டு வரி போதும். கொத்தனாருக்கும் புரியும், பிளான் பார்க்கிற அதிகாரி டேப்பை வைத்தே சரிபார்த்துவிடலாம்.