மற்றவளின் குழந்தை

அமெரிக்காவில் முதலில் குடியேறிய ஆங்கிலேயர் பட்ட பாடுகளைச் சொல்லும் நூல்களில் பசிக்குப் பெரிய இடம் உண்டு. ஜேம்ஸ்டவுனில் 1609-10 குளிர்காலத்துக்குப் 'பட்டினிக் காலம்' என்றே பெயர். 1620இல் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். இவற்றையெல்லாம் எழுதியவர்கள் ஆளுநர்களும் படைத்தலைவர்களும் போதகர்களும்தான். பெண்கள் பெரும்பாலும் யாருடைய மனைவி என்ற அளவில் இறந்தோர் கணக்கில் வந்துபோகிறார்கள். அதனால்தான் மேரி ரோலண்ட்சன் தன் சிறைவாசத்தைப் பற்றி எழுதி 1682இல் வெளியான நூலைப் பெண்ணெழுத்தின் வரலாற்றில் முன்வரிசையில் வைக்கிறோம். வைக்க வேண்டியதுதான். ஆனால் அந்த நூலுக்குள் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள்.

1675இல் நியூ இங்கிலாந்தில் ஆங்கிலக் குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் போர் மூண்டது. குடியேற்றங்கள் பெருகப் பெருக வாம்பனோக் மக்களின் நிலம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. நாரகன்செட், நிப்மக் மக்களும் போருக்குள் வந்தார்கள். 1676 பிப்ரவரி 10 அன்று லங்காஸ்டர் என்ற குடியேற்றம் தாக்கப்பட்டது. அவ்வூர்ப் போதகரின் மனைவியான மேரி தன் மூன்று குழந்தைகளோடு பிடிபட்டார். குண்டு காயத்தோடிருந்த ஆறு வயது சாரா சில நாட்களில் தாயின் மடியிலேயே இறந்தாள். பதினொரு வாரங்களுக்கு மேல் பனியிலும் காட்டிலும் அலைந்தபின், இருபது பவுன் மீட்புப் பணத்துக்கு மேரி விடுவிக்கப்பட்டார்.

ஒரு பெண் தன் கதையை அச்சேற்றுவது அன்று சாதாரணம் அல்ல. நூலுக்கு ஓர் ஆணின் முன்னுரை தேவைப்பட்டது. இன்கிரீஸ் மேதர் என்ற போதகர் எழுதியதாகப் பலரும் கருதும் அம்முன்னுரை, இவர் அடக்கமான பெண்தான், கடவுளின் புகழுக்காகவே இதை வெளியிட இசைந்தார் என்று வாசகரைச் சமாதானப்படுத்துகிறது. தன் துன்பம் கடவுளின் சோதனைக்குச் சாட்சி என்று ஆகும்போதுதான் மேரிக்குப் பேச இடம் கிடைக்கிறது.

கிடைத்த இடத்தில் அவர் எழுதியது முன்னுரையின் கட்டுக்குள் நிற்கவில்லை. முதல் வாரம் தொண்டையில் இறங்காத உணவு மூன்றாம் வாரம் ருசிக்கிறது. பாதி வெந்த குதிரை ஈரலை வாயில் இரத்தம் வழியத் தின்கிறார். காலுறை பின்னியும் சட்டை தைத்தும் கொடுத்து உணவு பெறுகிறார். ஓரிடத்தில், பிடிபட்ட ஆங்கிலக் குழந்தையொன்று மெல்ல முடியாமல் சப்பிக்கொண்டிருந்த குதிரைக்கால் துண்டைத் தானே வாங்கித் தின்றுவிட்டதாக எழுதுகிறார். போதகரின் மனைவி இதை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. தாய்மை பசியிலும் குலையாது என்ற கதையை ஒரு தாயே உடைத்துவிடுகிறார்.

இந்த நேர்மை வீட்டமூவிடம் வரும்போது நின்றுவிடுகிறது. மேரி யாருடைய பணிப்பெண்ணாக வைக்கப்பட்டாரோ அவர்தான் வீட்டமூ. பொகாசெட் மக்களின் தலைவி. அந்தத் தலைமை கணவன் வழியாக வந்ததல்ல. மேரியின் எழுத்தில் அவர் வெறும் கர்வக்காரி: முகத்துக்குச் சாயம் பூசி, கழுத்தணி அணிந்து, சீமாட்டிபோல நேரமெடுத்து அலங்கரித்துக்கொள்பவர். அவர் சிப்பிமணிப் பட்டிகள் செய்வதையும் மேரி குறிப்பிடுகிறார். அந்தப் பட்டிகள் உடன்படிக்கைகளிலும் அரசியல் உறவுகளிலும் கைமாறுபவை. மேரியின் பக்கத்தில் அது ஒரு சீமாட்டியின் பொழுதுபோக்காகச் சுருங்குகிறது. ஒரு தலைவியின் வேலையை அடையாளம் காண அவருடைய உலகத்தில் சொல் இல்லை.

பிறகு வீட்டமூவின் குழந்தை நோயுற்று இறக்கிறது. குடிசையில் இடம் கொஞ்சம் கூடியதே அதில் கண்ட நன்மை என்று மேரி எழுதுகிறார். காலையும் மாலையும் வந்து தாயோடு சேர்ந்து அழுதவர்களின் துக்கத்தில் தன்னால் அவ்வளவாகப் பங்குகொள்ள முடியவில்லை என்றும் சொல்கிறார். சாராவைப் பறிகொடுத்துச் சில வாரங்களே ஆன தாய் இவர்.

அந்தக் காட்டில் பட்டினி கிடந்தவர் மேரி மட்டுமல்லர். 1675 டிசம்பரில் ஆங்கிலப் படை நாரகன்செட் மக்களின் கோட்டையை எரித்தபோது குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த தானியமும் எரிந்தது. ஓக் கொட்டையும் காட்டுக் கிழங்கும் தின்று படைக்கு அஞ்சி ஓடிக்கொண்டிருந்த மக்களோடுதான் மேரியும் நடந்தார். அவர்கள் எதைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள் என்பதை அவர் கவனமாகவே எழுதுகிறார். எதிரிக்கும் உணவளித்துத் தம் மக்களைத் தண்டிக்கும் கடவுளின் செயலாக அது அவருக்குத் தெரிகிறது. தானியத்தை எரித்தது யார் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை.

துன்பப்பட்டவள் இன்னொருத்தியின் துன்பத்தை உணர்வாள் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். பெண் என்பதால் சகோதரத்துவம் தானே வந்துவிடும் என்று மேடையிலும் பேசுகிறோம். ஒரே பசி, ஒரே பனி, இரண்டு இறந்த குழந்தைகள்; அப்படியிருந்தும் அது நிகழவில்லை. குடியேறியவள் என்ற இடத்திலிருந்து பார்க்கையில் எதிரே அழுதவளின் அழுகை மேரிக்கு வெறும் ஊளையாகவே கேட்டது.

மேரி வீடு திரும்பினார். ஊர் உறங்கும் நேரத்தில் தனக்கு மட்டும் உறக்கம் வருவதில்லை என்று நூலின் இறுதியில் எழுதினார். வீட்டமூ 1676 ஆகஸ்டில் ஆற்றில் மூழ்கி இறந்தார். ஆங்கிலேயர் அவர் தலையை வெட்டி டாண்டன் ஊரில் கம்பத்தில் வைத்தார்கள். அவர் தன் கதையை எழுதிவைக்கவில்லை. லிசா புரூக்ஸ் 2018இல் வெளியிட்ட ஆய்வுநூல், நிலப் பத்திரங்களிலும் பழைய ஆவணங்களிலும் தேடி அவரைத் தன் நிலம் காத்த தலைவியாக நம்முன் நிறுத்துகிறது.

மேரியை நம் வரிசையிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. வகுப்பில் அவர் நூலை வாசிக்கும்போது சாராவுக்காகக் கலங்கும் மாணவி, சில பக்கங்கள் கழித்து வரும் பெயரில்லாத அந்தக் குழந்தையிடமும் நிற்க வேண்டும். மேரி தாண்டிச் சென்ற இடம் அது. நாமும் தாண்டிவிட்டால், அவருடைய துன்பத்தோடு அவருடைய பாராமுகத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டவர்களாவோம்.