ஹவுஸ்வைஃப் என்று எழுதும்போது

பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டு, மேல்நிலைப் பள்ளி விண்ணப்பத்தை முதல்முறையாக நானே நிரப்பினேன். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் யோசித்து எழுதினேன். தாயின் தொழில் என்ற கட்டத்தில் யோசிக்கவே இல்லை. 'ஹவுஸ்வைஃப்' என்று எழுதிவிட்டேன். அம்மா அப்போது என் எதிரே திண்ணையில் உட்கார்ந்து, மடியில் பீடித் தட்டோடு இலை வெட்டிக்கொண்டிருந்தார். தென்காசிப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நடக்கும் வேலை அது. அந்த விண்ணப்பத்துக்கான பணமும் அவர் சுற்றிய பீடியின் கூலிதான்.

அந்த ஒரு சொல் எத்தனை வேலையை மறைத்துவிடும் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே உறைத்தது.

இந்த ஆங்கிலக் கூட்டுச்சொல் பழையது. ஏறக்குறைய எண்ணூறு ஆண்டு வயது. அதன் பின்பாதியான 'வைஃப்' அந்நாளில் பெண் என்றே பொருள்பட்டது. பிரசவம் பார்ப்பவரைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்றும் இருக்கிறது. ஆக, 'ஹவுஸ்வைஃப்' என்றால் வீட்டை நடத்தும் பெண். அதற்கு இணையான ஆண் சொல் 'ஹஸ்பண்ட்'. இதன் முற்பாதியிலும் வீடுதான் இருக்கிறது. வீட்டுக்கு உரியவன், குடியிருப்பவன் என்பது பழைய நார்ஸ் மொழிவழி வந்த பொருள். காலப்போக்கில் ஆணுக்கான சொல்லிலிருந்து வீடு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோனது. பெண்ணுக்கான சொல்லில் அது முழு எழுத்தில் அப்படியே நிற்கிறது. இதே சொல் தேய்ந்து 'ஹஸ்ஸி' ஆனபோது, ஒழுக்கம் கெட்டவள் என்ற வசையாகவும் மாறியது.

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம் 'மனைவி'யில் மனை இருக்கிறது, 'இல்லாள்' என்பதில் இல்லம் இருக்கிறது. இல்லாள் என்றால் இல்லத்துக்கு உரியவள். அதையே ஆண்பாலாக்கி 'இல்லான்' என்றால் ஒன்றுமில்லாதவன் என்று ஆகிவிடுகிறது.

பேச்சில் 'ஹவுஸ்வைஃப்' எப்படி வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "ஹவுஸ்வைஃப்தான்", "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்பார்கள். இந்தத் 'தான்' தமிழ் சேர்த்தது. "நான் டாக்டர்தான்" என்று சொன்னால் அது உறுதி. "ஹவுஸ்வைஃப்தான்" என்னும்போது குரல் இறங்குகிறது, மன்னிப்புக் கேட்பதுபோல. நான்கரை மணிக்கு எழுந்து, குழாயடியில் வரிசை போட்டு, மூன்று பேருக்கு டிபன் பாக்ஸ் கட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்த பெண்ணின் வாயிலிருந்து 'சும்மா' என்ற சொல் வருவதைக் கேட்கும்போது எனக்குத் தாங்க முடிவதில்லை.

இந்தியாவில் நடந்த 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு இதை நிமிடக் கணக்கில் காட்டியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் தினமும் வேலை, ஞாயிறும் தீபாவளியும் உட்பட.

இருந்தும் இந்தச் சொல்லைத் தூக்கி எறியச் சொல்ல நான் தயங்குகிறேன். அதற்குக் காரணம் நீதிமன்றங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் பழைய இழப்பீட்டு அட்டவணை, வருமானமில்லாத மனைவியின் மதிப்பைக் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்திருந்தது. 2010இல் ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.கே. கங்குலி, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து 'வேலை செய்யாதோர்' பட்டியலில் வைத்ததைச் சுட்டிக் கண்டித்தார். 2021இல் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டு வேலைக்கும் வருமானம் கணித்தே இழப்பீடு தரவேண்டும் என்பதை விளக்கமாக நிலைநாட்டியது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போனது: கணவர் வெளியே சம்பாதிக்க முடிந்ததே மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான், ஆகவே அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் அவருக்கும் சமபங்கு உண்டு என்றது. ஒரு பெயர் இருந்ததால்தான் அந்தப் பெயரில் வழக்காட முடிந்தது. பெயரற்ற உழைப்புக்கு எந்த நீதிமன்றத்திலும் கணக்கு கிடைக்காது. இந்தச் சொல்லின் பலம் இது, சிறியதும் அல்ல.

மாற்றுச் சொற்களைப் பற்றிச் சொல்லவேண்டும். உச்ச நீதிமன்றம் 2023இல் வெளியிட்ட கையேடு, 'ஹவுஸ்வைஃப்' என்பதற்குப் பதில் 'ஹோம்மேக்கர்' என்று எழுதச் சொல்கிறது. திருமணத்தோடு ஒட்டாத, ஆணுக்கும் பொருந்துகிற சொல் என்பதால் அது மேலானது. 2011 கணக்கெடுப்பில் வீட்டு வேலையே முதன்மை வேலை என்று சொன்ன பெண்கள் ஏறத்தாழ 16 கோடி. ஆண்கள் சுமார் 58 லட்சம். அந்த ஆண்களுக்கும் ஒரு பெயர் வேண்டாமா?

தமிழில் 'இல்லத்தரசி' பரவிவிட்டது. நல்ல எண்ணத்தில் பிறந்த சொல்தான், ஆனால் எனக்கு அது ஒப்பவில்லை. அரசி என்று சொன்ன மாத்திரத்தில் பாத்திரமும் துடைப்பமும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. அரசிக்கு ஆணையிடும் அதிகாரம் உண்டு. நம் வீடுகளில் நூறு ரூபாய்க்குக் கணக்குச் சொல்லவேண்டிய பெண்ணுக்கும் அதே பட்டம். மரியாதையைக் கொடுத்து உரிமையைப் பேசாமல் விடுகிற சொல் அது.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் இரண்டு சொற்கள் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. பெறுபவர் 'குடும்பத் தலைவி'; தருவது 'உரிமைத் தொகை'. உதவித்தொகை என்று சொல்லாமல் விட்டது பெரிய காரியம். தொடங்கியபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் சேர்ந்தது. 299 நிமிடக் கணக்கில் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வராது. இதைக் கூலி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆனாலும் வீட்டு உழைப்பையும் உரிமையையும் ஒரே மூச்சில் சொல்ல அரசாங்கமே முன்வந்ததை நான் வரவேற்கிறேன்.

தீராத குறை ஒன்று மிச்சமிருக்கிறது. பீடி சுற்றுபவர், பூ கட்டுபவர், தீப்பெட்டி ஒட்டுபவர், மாடு கறந்து பால் ஊற்றுபவர் எல்லாரும் வீட்டில் இருந்தபடியே சம்பாதிப்பதால் 'ஹவுஸ்வைஃப்' என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். ஒரே பெண் இரண்டு வேலை பார்க்கிறார். படிவத்தில் ஒன்றுகூடப் பதிவாவதில்லை.

வரும் ஜூனில் பிள்ளையின் விண்ணப்பம் உங்கள் கைக்கு வரும். தாயின் தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, அவரிடமே கேட்டு எழுதுங்கள். பீடித் தொழிலாளி என்றால் அப்படியே எழுதுங்கள். வீட்டு வேலை மட்டும் என்றால் 'வீட்டுப் பராமரிப்பு' என்று எழுதுங்கள். அவர் 'சும்மா' என்று சொன்னால் மட்டும் அதை எழுதிவிடாதீர்கள்.