இரண்டே இசைத்தட்டுகள்

1979 செப்டம்பர் 7 அன்று, சூசி அண்ட் த பான்ஷீஸ் குழுவின் இரண்டாவது இசைத்தட்டான 'ஜாயின் ஹேண்ட்ஸ்' பிரிட்டனில் வெளியானது. அதே நாளில் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து ரெக்கார்டு கடை ஒன்றில் குழுவினர் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே மூண்ட சச்சரவில் கிதார் கலைஞர் ஜான் மெக்கேயும் டிரம்மர் கென்னி மோரிஸும் எழுந்து போய்விட்டார்கள். அன்றிரவு மேடைக்கும் வரவில்லை, பிறகு குழுவுக்கும் திரும்பவில்லை. துணைக் குழுவாக வந்திருந்த த க்யூரின் ராபர்ட் ஸ்மித், மீதிச் சுற்றுப்பயணம் முழுக்க இரண்டு குழுக்களுக்கும் கிதார் வாசித்து ஒப்பேற்றினார்.

கோத் இசையின் கதையைச் சொல்கிறவர்கள் பலர் மெக்கேயை இந்த ஒரு நாளுக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஓடிப்போனவர் என்ற பெயர் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய இரண்டு வருஷங்களில் அவர் கிதாரை வைத்து என்ன செய்தார் என்பதைக் கேட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு. நான் அந்த இரண்டு வருஷத்தின் ரசிகன். குழுவின் முதல் இசைத்தட்டான 'த ஸ்க்ரீம்' எத்தனையாவது முறை ஓடுகிறது என்ற கணக்கு எனக்கு எப்போதோ தப்பிவிட்டது. என் அன்பு அவர் வாசிப்பின் குறைகளை மறைத்துவிடக் கூடாது என்ற கவலையோடுதான் இதை எழுதுகிறேன்.

மெக்கே குழுவில் சேர்ந்தது 1977இல். அன்றைய பங்க் கிதார் என்றால் தடித்த கார்டுகள், இடைவெளியே விடாத இரைச்சல். அதற்கு முந்தைய ராக் கிதார் என்றால் பாட்டின் நடுவே கிதார்காரர் முன்னுக்கு வந்து தன் விரல் வேகத்தைக் காட்டும் தனி ஆவர்த்தனம். மெக்கே இரண்டையும் ஒதுக்கினார். தனி ஆவர்த்தனம் என்று சொல்லத்தக்க ஒன்றை அவர் இசைத்தட்டுகளில் தேடினால் கிடைக்காது. அவருடைய கார்டுகளில் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசும். இது மகிழ்ச்சி, இது சோகம் என்று காது முடிவுகட்ட முடியாது. அதன்மேல் ஃபிளாஞ்சர். ஒரே ஒலியின் இரண்டு பிரதிகளை நூலிழைத் தாமதத்தில் ஒன்றின்மேல் ஒன்று படியவிட்டு, அந்தத் தாமதத்தைக் கூட்டியும் குறைத்தும் சுழலவைக்கும் உத்தி அது. கம்பிகளின் ஒலி உலோகத் தகடு வளைவதுபோல் ஆகிவிடும்.

ஆனால் உத்தியைச் சொன்னால் மட்டும் அந்த ஒலி ஏன் அப்படி உறுத்துகிறது என்பது விளங்காது. குழுவின் அமைப்பையும் பார்க்க வேண்டும். மெட்டைச் சுமப்பது ஸ்டீவன் செவெரினின் பேஸ் கிதார். கென்னி மோரிஸ் சிம்பல்களைக் கூடியமட்டும் தவிர்த்து, டாம் டிரம்களில் கனமாக அடிப்பவர். வழக்கமான ராக் பாட்டில் மேல் ஸ்தாயி முழுவதையும் சிம்பல்களின் சலசலப்பு நிறைத்திருக்கும். இங்கே அந்த இடம் காலி. சூசியின் குரலுக்கும் மேலே, ஆளில்லாத மாடிபோல் கிடக்கும் அந்த இடத்தில்தான் மெக்கே நடமாடுகிறார். அவர் கிதார் பாடகிக்குப் பதில் சொல்வதில்லை. பாடகி பாடுகிற அறையின் சுவர்களாக நிற்கிறது. என்னைப் பொறுத்தவரை இதுதான் அவர் கண்டுபிடிப்பு. பின்னால் வந்த கோத் கிதார்காரர்கள் அநேகர் குடியேறிய வீட்டுக்கு இதுவே கடைக்கால்.

'த ஸ்க்ரீம்' 1978 நவம்பரில் வந்தது. பௌஹவுஸ் குழுவின் 'பெலா லுகோசிஸ் டெட்' வெளியாவதற்கு ஒன்பது மாதம் முன்பு. வௌவாலும் கல்லறையும் இன்னும் கோத் இசைக்குள் வந்திருக்கவில்லை. சூசியும் செவெரினும் லண்டனின் தென்கிழக்குப் புறநகர்ப் பிள்ளைகள். அவர்களுக்குத் திகில் என்பது ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு. 'சபர்பன் ரிலாப்ஸ்' பாட்டில், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு அந்தச் சமையலறையிலேயே மனம் பிசகுகிறது. மெக்கேயின் கிதார் அங்கே குத்திக் குத்தி எடுக்கிறது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்துக் குளியலறைக் காட்சிக்கு பெர்னார்ட் ஹெர்மன் ஒரு வயலின் கூட்டத்தை வைத்துச் செய்ததை, இவர் ஆறு கம்பிகளில் செய்துவிடுகிறார். அதே பாட்டில் சாக்ஸபோனும் அவர்தான். அதைத் தேர்ந்த வித்வானைப்போல் ஊதுவதில்லை. தொண்டை கட்டியவன் கத்துவதுபோல் ஊதுகிறார், அந்தப் பாட்டுக்கு அதுதான் வேண்டும்.

சக கலைஞர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். இந்த இசைத்தட்டில் குறிக்கோளற்ற இரைச்சல்போல் கேட்பதெல்லாம் எப்படிப் பாட்டாகச் சேர்ந்து நிற்கிறது என்று இன்றைக்கும் யாருக்கும் புரியவில்லை என்ற பொருளில் வியந்தார் ஸ்டீவ் ஆல்பினி. ஒலிப்பதிவையே தொழிலாகக் கொண்டவரிடமிருந்து வந்த வியப்பு அது. கில்லிங் ஜோக்கின் ஜியோர்டி வாக்கரும் தன் முன்னோடியாக மெக்கேயைச் சொல்லியிருக்கிறார்.

இனி குறைகள். முதலில், எல்லோருக்கும் தெரிந்த 'ஹாங்காங் கார்டன்'. 1978 ஆகஸ்டில் வந்து பிரிட்டன் பட்டியலில் 7ஆம் இடம் பிடித்தது. மெட்டு மெக்கே கொண்டுவந்தது. தொடக்கத்துச் சைலபோன் ஒலி ஒருமுறை காதில் விழுந்தால் போகாது. ஆனால் அந்த ஐந்து ஸ்வரத் துள்ளல், மேற்கு நாட்டுப் படங்களும் நாடகங்களும் 'சீனா' என்றதும் எடுத்து மாட்டும் பழைய முகமூடியின் உறவுதான். ஒரு சீன உணவுக்கடையில் 'ஸ்கின்ஹெட்' எனப்படும் மொட்டைத்தலைக் கும்பல்கள் செய்த அட்டூழியத்தைப் பொறுக்காமல், அந்தக் கடைக்காரர்களுக்குக் காணிக்கையாக எழுதியது என்று சூசி சொன்னார். நோக்கத்தை நம்புகிறேன். இருந்தாலும் பாட்டின் சொற்களும் மெட்டும் மதிக்க நினைத்த மனிதர்களைப் பொம்மைகளாக்கிவிட்டன. நான் அந்தப் பாட்டை ரசிக்கிறேன், கூடவே அது உறுத்தவும் செய்கிறது.

இதைவிடப் பெரிய குறை அவர் முறைக்குள்ளேயே இருக்கிறது. அறையாக நிற்கும் கிதாருக்கு நகரத் தெரியாது. 'ஜாயின் ஹேண்ட்ஸ்' கேட்கும்போது இது விளங்கும். அதே ஃபிளாஞ்சர் சுழற்சி ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குச் சாயம்போல் கசிந்து, பாட்டுக்குப் பாட்டு முகம் மங்கிப்போகிறது. கடைசியில் வரும் 'த லார்ட்ஸ் பிரேயர்' சுமார் 14 நிமிஷம். 1976 செப்டம்பரில் லண்டன் 100 கிளப்பில் குழு முதன்முதலாக மேடையேறியபோது, வாசிக்கவே தெரியாமல் துணிந்து செய்த ஒன்றின் மறுபதிவு. அன்றைக்கு மேடையில் அது ஒரு சவால். ஸ்டுடியோவில், வாசிக்கத் தெரிந்துவிட்ட பிறகு, அதற்கு அர்த்தமில்லை. அந்த நிமிஷங்களில் மெக்கேயின் கிதாரும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. மணியோசையோடு தொடங்கி, ராட்டினம்போல் தலைசுற்ற வைக்கும் 'பிளேகிரவுண்ட் ட்விஸ்ட்' மட்டும் இல்லையென்றால் இந்தத் தட்டை நான் இத்தனை முறை எடுத்திருக்க மாட்டேன். 'ஐகான்' அதற்கு அடுத்தபடி.

அவருக்குப் பின் வந்த ஜான் மெக்கியோக்கோடு ஒப்பிடாமல் இந்தக் கணக்கு முடியாது. 1981இல் வந்த 'ஜூஜூ' இசைத்தட்டில் மெக்கியோக், கார்டுகளைத் தனித்தனி ஸ்வரங்களாகப் பிரித்து ஓடவிட்டார். மெக்கே கட்டிய அறைக்கு அவர் ஜன்னல் வைத்தார், வெளிச்சம் விட்டார். பான்ஷீஸின் கிதார் என்றால் இன்று அவர் பெயரே முதலில் வருகிறது. அது நியாயமான புகழ். மெக்கேயை உயர்த்துவதற்காக மெக்கியோக்கைத் தாழ்த்திப் பேசும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சுவரில்லாமல் ஜன்னல் வைக்க முடியாது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். சுவரைத்தான் யாரும் பெயர் சொல்லிப் பாராட்டுவதில்லை. தனி ஆவர்த்தனம் வாசிக்காதவருக்குக் கைதட்ட ரசிகனுக்கு ஒரு கணம் கிடைப்பதில்லை. எதை மறுத்து அவர் தன் இசையைக் கண்டெடுத்தாரோ, அதுவே அவர் பெயரையும் விழுங்கிவிட்டது.

நடுவழியில் போனதும் ஒரு குறைதான், அதை மழுப்ப மாட்டேன். சீட்டு வாங்கி வந்தவர்களுக்கு அபர்தீனில் கிடைத்தது ஏமாற்றம். சூசியும் செவெரினும் நீண்ட நாள் ஆறாமல் இருந்தார்கள். 1980இல் 'ஹேப்பி ஹவுஸ்' தட்டின் பின்பக்கத்தில் 'டிராப் டெட்' என்றே ஒரு பாட்டை விலகிப்போன இருவர் மேலும் எறிந்தார்கள். மெக்கே பதில் எதுவும் பாடவில்லை. 1987இல் ஜோர் கபோர் என்ற குழுவோடு ஒரு தட்டு, அப்புறம் நீண்ட மௌனம். பழைய பதிவுகளைத் திரட்டி 'சிக்ஸஸ் அண்ட் செவன்ஸ்' என்று அவர் பெயரில் முதல் இசைத்தட்டு வந்தபோது ஆண்டு 2025.

என்றாலும் அவர் வாசிப்பின் மதிப்பை மிக நேர்மையாக நிறுத்துக் காட்டியது, அவர்மேல் கோபத்தில் இருந்த அதே குழுதான். 1984இல் 'த தார்ன்' என்ற சிறு இசைத்தட்டில் தங்கள் பழைய பாடல்கள் நான்கை நரம்பிசைக் குழுவோடு மறுபதிவு செய்தார்கள். 'ஓவர்கிரவுண்ட்', 'வாய்ஸஸ்', 'பிளசிபோ எஃபெக்ட்' என்று நான்கில் மூன்று மெக்கே காலத்துப் பாடல்கள். புதிய 'ஓவர்கிரவுண்ட்' அழகானது. வயலின்களும் செல்லோக்களும் சேர்ந்து எழும்பும்போது மெய்சிலிர்க்கிறது. அது முடிந்ததும் 1978 பதிவைப் போடுகிறேன். தாழ்ந்த குரலில் தொடங்கி, ஒரே தடத்தைத் திரும்பத் திரும்ப மிதித்தபடி, படிப்படியாக நெருங்கி வருகிறது ஒற்றைக் கிதார். அழகு குறைவுதான். ஆனால் இரவில் கேட்கும்போது, அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன்.