ட்ராயிங் எங்கே? ஒரகடத்து அலுவலகக் கணினிக்குச் சில மென்பொருள்கள்

ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் 2007 முதல் டெல் நிறுவனம் கணினி தயாரிக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் என்று பரவிக் கிடக்கின்றன கார், லாரி, பைக் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு கம்பெனிகள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், இவற்றில் பல அலுவலகங்களுக்குப் புதுக் கணினி வந்திருக்கிறது. உள்ளே விண்டோஸ் 11. ஆனாலும் மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரின் அவஸ்தை குறையவில்லை.

கஸ்டமர் தரப்பிலிருந்து போன் வரும். "அந்த பிராக்கெட்டோட கடைசி ரிவிஷன் ட்ராயிங் உங்ககிட்ட இருக்கா சார்?" கம்பெனியின் குவாலிட்டி ஆள் ஃபோல்டரைத் திறப்பார். உள்ளே 'புதிது', 'புதிது 2', 'ஃபைனல்', 'ஃபைனல் கடைசி'. விண்டோஸின் தேடல் பெட்டியில் பார்ட் நம்பரை அடித்துவிட்டுக் காத்திருப்பார். பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும். பொறுமை இழந்து கையில் கிடைத்த பழைய ரிவிஷனை வைத்து ஒரு லாட் ஓட்டிவிட்டால் மொத்தமும் ரிஜெக்‌ஷன். ஒரகடத்தில் நண்பர் நடத்தும் பிரஸ் ஷாப்பின் கணினியில் நான் முதலில் நிறுவியது இதற்கான மருந்தைத்தான்.

அதன் பெயர் எவ்ரிதிங். வாய்ட்டூல்ஸ் என்ற பெயரில் வெளியாகும் இலவச மென்பொருள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டில், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேடு ஒன்று எப்போதும் இருக்கும். எவ்ரிதிங் ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து தேடுவதில்லை. நேரே அந்தப் பதிவேட்டைப் படித்துத் தன் பட்டியலைத் தயாரித்துக்கொள்கிறது. பத்து லட்சம் கோப்புகள் இருந்தாலும் முதல் பட்டியலுக்குச் சுமார் 1 நிமிடம்தான் ஆகும், நினைவகத்தில் சுமார் 75 எம்பி பிடிக்கும் என்கிறார்கள் செய்தவர்கள். பார்ட் நம்பரின் கடைசி நான்கு இலக்கங்களை அடித்து, ஒரு இடைவெளி விட்டு 'பிடிஎஃப்' என்று சேர்த்தேன். அடித்து முடிப்பதற்குள் எல்லா ரிவிஷனும் வரிசையில் வந்து நின்றன. தேதி தலைப்பைச் சொடுக்கியதும் புதியது மேலே. இந்த வேகத்தைப் பார்த்த பிறகு பச்சைக் கோட்டுக்குத் திரும்ப மனம் வராது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது கோப்பின் பெயரைத் தேடவே செய்யப்பட்டது. ஆவணத்துக்குள் இருக்கும் சொல்லைத் தேட இதை நம்பக் கூடாது. ட்ராயிங்குகள் பொது சர்வரில் இருந்தால் அந்த ஃபோல்டரைத் தனியாகச் சேர்த்து, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பட்டியலைப் புதுப்பிப்பது என்று அமைக்க வேண்டும். அங்கே இந்த மின்னல் வேகம் கிடைக்காது. இன்னொன்று முக்கியம். மூன்று ஷிப்டுக்கும் ஒரே கணினி என்றால், மற்றவர் திறக்க முடியாத ஃபோல்டரில் உள்ள கோப்புகளின் பெயர்கூட இந்தப் பட்டியலில் தெரியலாம். சம்பளக் கோப்பு இருக்கும் கணினியில் இதை நிறுவும் முன் யோசியுங்கள்.

இரண்டாவது டிட்டோ. டிஸ்பாட்ச் மேசைக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. இன்வாய்ஸ் எண், 12 இலக்க இ-வே பில் எண், லாரி எண் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகலெடுத்து ஒட்டுவதுதான் அங்கே நாள் முழுக்க வேலை. விண்டோஸ் விசையோடு 'வி' அழுத்தினால் வரும் நகல் பட்டியல் 25 பதிவுகளோடு நின்றுவிடும். பின் செய்து வைக்காதவை கணினியை மறுபடி தொடங்கினால் அழிந்தும் போகும். டிட்டோ அவற்றைச் சேமித்து வைக்கிறது, தேடவும் விடுகிறது. நேற்று நகலெடுத்த லாரி எண்ணை இன்று எடுக்கலாம். ஆனால் நீங்கள் நகலெடுக்கும் பாஸ்வேர்டும் அதில் தங்கும். ஜிஎஸ்டி தளத்தின் கடவுச்சொல்லைக் கையால் அடிக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிஎஃப் படிக்க சுமத்ரா. சட்டென்று திறக்கும். ட்ராயிங் திறந்திருக்கும்போதே வேறொருவர் அதைப் புதிதாகச் சேமித்தால், மூடாமலேயே திரையில் புதியது வந்துவிடும்.

அடுத்து நோட்டீஸ் பலகை. இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டும் பாதுகாப்பு அறிவிப்பைத் தெளிவான தமிழில் எழுதினால்தான் ஆபரேட்டர் படிப்பார். விண்டோஸ் 11-இலேயே தமிழ் 99 விசைப்பலகை இருப்பதால் புதிதாக எழுத வேறெதுவும் வேண்டாம். சிக்கல் பழைய கோப்புகளில். வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்து வைத்த சுற்றறிக்கையை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி அதை யூனிகோடாக்கித் தரும். மாற்றியதை ஒருமுறை வரிவரியாகப் படித்துவிட்டே அச்சிட வேண்டும். பாதுகாப்பு அறிவிப்பில் ஒரு சொல் சிதைந்தாலும் ஒருவரின் விரலுக்கு ஆபத்து.

கணினியை வேகப்படுத்துகிறேன், குப்பை அகற்றுகிறேன் என்று வரும் எதையும் நான் நிறுவ மாட்டேன். உலகம் முழுக்கப் புகழ்பெற்ற சிசிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே 2017-இல் தீய நிரல் புகுத்தப்பட்டு, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. விண்டோஸிலேயே வட்டைச் சுத்தம் செய்யும் வசதி இருக்கிறது, அது போதும். பெரிய ஆலைகளுக்குள் வேலை பார்ப்பவர்கள், நான் மேலே சொன்னவற்றையும் ஐடி துறையின் அனுமதி வாங்கித்தான் நிறுவ வேண்டும்.

எல்லாமே கம்பெனி உபயோகத்துக்கும் இலவசமாக வேண்டும் என்கிற சிறு முதலாளிக்கு என் தீர்ப்பு இது: எவ்ரிதிங் கட்டாயம், டிஸ்பாட்ச் மேசைக்கு டிட்டோ, ட்ராயிங் பார்ப்பவருக்கு சுமத்ரா. மூன்றுக்கும் லைசென்ஸ் கட்டணம் கிடையாது. கூகுளில் மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்காமல், செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே பல கணினிகளில் இருக்கும் 7-ஜிப். ட்ராயிங்கைப் பாஸ்வேர்டு போட்டு அனுப்ப இதைவிட எளிய வழியை நான் பார்க்கவில்லை. ஆனால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை, பழைய பதிப்புகளில் பாதுகாப்பு ஓட்டைகளும் உண்டு. அதன் உதவிப் பட்டியலைத் திறந்து பதிப்பு எண்ணைப் பாருங்கள். 25.01-க்கு முந்தையது என்றால் இன்றைக்கே புதியதை நிறுவிவிடுங்கள்.