உயிர் எலியா, உறைந்த எலியா?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு: எலியை உயிரோடு போடுவதா, கொன்று உறையவைத்ததைக் கொடுப்பதா?

உயிர் இரைக்காரர்களின் முதல் வாதம், ‘அதுதான் இயற்கை’. இது நிற்காது. காட்டில் பாம்பு பதுங்கியிருந்து, தனக்குத் தோதான நொடியில் பாய்கிறது. எலிக்கும் ஓட இடமுண்டு. கண்ணாடித் தொட்டியில் இரண்டுக்குமே போக்கிடம் இல்லை. பசியில்லாத பாம்போடு இரவு முழுக்க விடப்பட்ட எலி, பாம்பையே கொறிக்கத் தொடங்கும். முதுகெலும்பு தெரியும்வரை சதை போன பாம்புகள் மருத்துவர்களிடம் வந்திருக்கின்றன. இதில் இயற்கை எங்கே இருக்கிறது?

இரண்டாவது வாதத்துக்குக் கனம் அதிகம்: செத்த எலியைச் சில பாம்புகள் தொடுவதே இல்லை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு இதற்குப் பேர்போனது. ஆனால் நல்ல உடம்போடு இருக்கும் வளர்ந்த பாம்பு மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். பதறிப்போய் உயிர் எலி வாங்க ஓடுவதற்குமுன், தொட்டியில் சூடு போதுமா, ஒளிய இடம் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை. இரையின் சூடும் முக்கியம். இந்தப் பாம்பின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. சில்லென்ற எலி அதற்கு இரையாகவே படாது. ஃபிரிட்ஜில் வைத்து உறைவு நீங்கியதும், பையிலிட்டு வெந்நீரில் சூடேற்றி, நீண்ட இடுக்கியால் நீட்டினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். மைக்ரோவேவ் வேண்டாம்: எலி வெடிக்கும், பாதி வெந்தும் போகும்.

உறைந்த எலிக்காரர்களும் ஒன்றை மிகைப்படுத்துகிறார்கள். உறையவைத்தால் கிருமி ஒழிந்தது என்பது தவறு; சால்மோனெல்லா உறைபெட்டியிலும் பிழைத்திருக்கும். பிரிட்டனில் 2008-இல் தொடங்கி நூற்றுக்கணக்கானோரை, அதிலும் நிறையக் குழந்தைகளை, நோயில் தள்ளிய தொற்று, அமெரிக்காவிலிருந்து வந்த உறைந்த தீவனச் சுண்டெலிகளோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது. பாம்புக்குப் பாதுகாப்பான எலி, வளர்ப்பவருக்கும் பாதுகாப்பானது என்று யாரும் எழுதித் தரவில்லை.

ஆகவே என் தீர்ப்பு உறைந்த எலிக்கே, ஆனால் நிபந்தனையோடு. எலிக்கென்று தனிப் பாத்திரம், தனி இடுக்கி. சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது. பாம்பு உண்மையிலேயே மெலிந்துகொண்டே போனால் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அப்போதுதான் கொன்ற எலியைக் கொடுத்துப் பார்க்கலாம். அதையும் மறுத்தால் மட்டுமே உயிர் எலி. அப்போதும் வளர்ப்பவர் இடுக்கியோடு பக்கத்திலேயே இருக்க வேண்டும். சில நிமிடங்களில் பாம்பு பிடிக்காவிட்டால் எலியை வெளியே எடுத்துவிட வேண்டும்.