‘பறவை’ என்றொரு பறவை

தமிழ்ப் புதுக்கவிதையில் மிகுதியாகக் காணக் கிடைக்கும் பறவை ‘பறவை’தான். அதற்கு நிறம் கிடையாது. பருமன் கிடையாது. எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்று தெரியாது. கூடு உண்டு, எந்த மரத்தில், எந்த மாதத்தில் என்பது சொல்லப்படுவதில்லை. பெரும்பாலும் அந்தியில், ஒற்றையாக வரும். கடைசி வரிக்கு முந்தின வரியில் கிளம்பி வானத்தில் கரைந்துவிடும். சுதந்திரத்துக்கோ, ஆன்மாவுக்கோ, பிரிந்துபோன காதலிக்கோ பதிலாள் வேலை பார்க்கிறது அது. மதிப்புரைக்கென்று என்னிடம் வந்து சேரும் தொகுதிகளை வைத்துத்தான் சொல்கிறேன். விதிவிலக்குகள் உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

இது கவிதைக்கு வெளியே நின்று எழுப்பும் ஆட்சேபம் என்று ஒதுக்கிவிட முடியும். கவிஞரான என் நண்பர் ஒருவர் ஒதுக்கியும்விட்டார். “பகலெல்லாம் பாங்கிலே லெட்ஜர். சாயங்காலம் கொல்லையிலே உட்கார்ந்து குருவிகளுக்கும் ஒரு லெட்ஜர். கவிதைக்கும் போடப் பார்க்கிறீர்களா ஸார்?” என்றார். ஹாஸ்யம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெயரைப் பற்றி அவர் கொண்டிருக்கும் எண்ணம்தான் இங்கே பிரச்னை. பெயர் என்பது பொருளின் மேல் ஒட்டிய சீட்டு, சீட்டைக் கிழித்துப் போட்டால் பொருள் இன்னும் நிர்மலமாகத் தெரியும் என்று அவர் நினைக்கிறார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

காசோலையிலுள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுகிற குமாஸ்தா எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. கை எங்கே அழுத்தியது, எங்கே அவசரப்பட்டது, சுழி எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது என்பதைத்தான் பார்க்கிறான். பெயர் அதற்குப் பிறகு வருவது. பறவையை இனம் காண்பதும் இதே காரியம்தான். கோவில்பத்தில் திருத்தெளிச்சேரிக் கோயிலைத் தாண்டி வயல் பக்கம் இறங்கினால் வெள்ளையாக நிற்பதெல்லாம் தூரத்துக்குக் ‘கொக்கு’. கொஞ்சம் நின்று பார்த்தால், ஒன்று மாட்டின் பின்னாலேயே போய்ப் பூச்சி பொறுக்குகிறது, அது உண்ணிக்கொக்கு. இன்னொன்று வாய்க்காலில் ஒற்றைக் காலால் சேற்றைக் கலக்கிவிட்டு, கலங்கி வருவதைக் கொத்துகிறது. அதன் கால் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். அது சின்னக் கொக்கு. பெயரைச் சொல்லும்போது, இவ்வளவு நேரம் பார்த்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பார்க்காதவனுக்குத்தான் அது வெறும் சீட்டு.

நம் பழைய கவிதையில் இந்தப் பார்வை இருந்தது. இருந்தது என்று பெருமை பேசுவது நம் தமிழாசிரியர்களின் பழக்கம். அது என் நோக்கமல்ல. அந்தப் பார்வை கவிதைக்குள் என்ன வேலை செய்தது என்பதே கேள்வி. குறுந்தொகை 25ஆம் பாட்டு, கபிலருடையது. களவில் கூடியபோது சாட்சியாக வேறு யாருமில்லை, ஒரு குருகு மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. அந்தக் குருகின் கால் தினைத்தாள் போல் மெலிந்து பசுமையாக இருந்தது. அது ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. நம் வயல்களில் சாதாரணமாகத் தென்படும் கொக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைக் கொக்குகளின் கால் கறுப்பு. பசிய கால் மடையானுக்கு. மண்ணிறத்தில் முடங்கி நிற்கும். எழுந்தால்தான் சிறகு வெள்ளை வெளேரென்று தெரியும். கபிலர் மடையானைத்தான் பார்த்திருக்கிறார் என்பது என் துணிபு.

அதனால் என்ன? மடையானுக்கு இன்னொரு வழக்குப் பெயர் குருட்டுக் கொக்கு. அவ்வளவு கிட்டத்தில் போனாலும் அசையாது, கண் தெரியாததோ என்று நினைக்க வைக்கும். தலைவியின் ஒரே சாட்சி இதுதான். இந்த வழக்குப் பெயர் கபிலர் காலத்தில் இருந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. பெயருக்குக் காரணமான அந்தச் சுபாவம் அன்றும் இருந்திருக்கும். பக்கத்திலேயே நின்றது, எல்லாவற்றையும் பார்த்திருக்க முடியும். ஆனால் அதன் கண் மீன் மேல். இணைசேரும் காலத்தில் மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகும், காலும் சில சமயம் சிவப்பேறும். கபிலரின் குருகுக்குக் கால் பச்சை. அது பசியில் நிற்கிற ஒற்றைப் பறவை, இவர்கள் விஷயம் அதற்குச் சம்பந்தமில்லாதது. தலைவியின் பயம் முழுதும் அந்தக் காலின் நிறத்தில் வந்து நிற்கிறது. ‘ஒரு பறவை இருந்தது’ என்று எழுதியிருந்தால் நமக்கு ஒரு சோகப் படிமம் கிடைத்திருக்கும். பாட்டு கிடைத்திருக்காது.

இன்னொன்று, எங்கள் ஊர்க்காரி எழுதியது. காரைக்கால் அம்மையாரைப் பேய், சுடுகாடு, பக்தி என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில், நடுநிசிக் காட்டில், ஒரே பாட்டுக்குள் கூகை வேறு, ஆண்டலை வேறு, ஆந்தை வேறாக வருகின்றன. முதல் இரண்டும் பாடுகின்றன. ஆந்தை கிளை மேல் குதித்து ஓடுகிறது. புள்ளி ஆந்தையை அந்திக் கருக்கலில் பார்த்தவர்களுக்கு அந்தக் குதியோட்டம் புரியும். பொந்திலிருந்து வெளியே வந்து, தலையை மேலும் கீழும் ஆட்டி, கிளையில் தத்தித் தத்திப் போகும். ஆண்டலை என்பது ஆளின் தலை போன்ற தலையுடையது என்று சொல்லப்படுகிறது. கோயில் கோபுரப் பொந்தில் வசிக்கும் வெண்கூகையின் வட்டமுகம் எனக்கு நினைவுக்கு வருகிறது, சாதிக்க மாட்டேன். நாமோ மூன்றுக்கும் ‘ஆந்தை’ என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, அதையும் அபசகுனத்துக்கு என்று ஒதுக்கிவிட்டோம். அம்மையாரின் காட்டில் அச்சம் உண்டாவது மங்கலினால் அல்ல. ஒவ்வொரு குரலும் எந்தக் குரல் என்று தெரிகிற ஒருத்தி அங்கே இருப்பதனால்தான்.

பாரதியின் குயில் பாட்டை எடுத்து நீட்டுவார்கள் என்று தெரியும். புதுச்சேரி மாந்தோப்பில் காதல் பாட்டுப் பாடுவது பெண் குயில். நிஜத்தில் கூவுவது ஆண், கன்னங்கறுப்பு. பெண்ணுக்குப் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். அது பாடாது, ‘கிக் கிக்’ என்று விரைந்து கத்தும். இதைச் சொல்லிப் பாரதியை மடக்கிவிட்டதாகக் குதூகலிப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். எனக்கு அதில் உற்சாகமில்லை. பாட்டு முழுவதும் பகற்கனவு என்று பாரதியே சொல்லிவிடுகிறான். கனவின் குயிலுக்கு எந்தக் குரலும் இருக்கலாம். கனவு என்று சொல்லாமல் ‘அனுபவம்’ என்ற பத்திரத்தோடு வருகிற இன்றைய கவிதைக்கு அந்தச் சலுகை கிடையாது.

விதிவிலக்குகள் என்றேனே, பிரமிளின் ‘காவியம்’ ஒன்று. உதிர்ந்த ஒற்றை இறகு. எந்தப் பறவையுடையது என்று இல்லை, இருக்கவும் வேண்டாம். அங்கே விஷயமே பறவை போய்விட்டது என்பது. அடையாளம் அழிந்ததுதான் அந்தக் கவிதையின் பொருள். துரதிருஷ்டம், அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்த இறகை எடுத்துத் தங்கள் பறவைகளுக்கெல்லாம் செருகிக்கொண்டார்கள். ந. பிச்சமூர்த்தியின் தொகுதி, 1962இல் எழுத்து பிரசுரமாக வந்தது, தலைப்பு ‘காட்டு வாத்து’. அந்தத் தலைப்பே எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஊசிவாலா, கிளுவையா? கும்பகோணத்துக்காரருக்குச் சிறவி என்ற சொல்லாவது காதில் விழுந்திருக்கும். ஆனால் வலசை என்ற நிகழ்ச்சியை ஒரு நவீன மனம் வியப்போடு பார்த்தது என்ற அளவில் அதன் இடம் நிற்கும்.

வானம்பாடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1970களில் கோவையிலிருந்து கிளம்பிய இயக்கம், மக்களுக்கான கவிதை என்று பிரகடனம். எடுத்துக்கொண்ட பெயரைச் சற்று விசாரித்திருக்கலாம். வானம்பாடி வகைக் குருவிகள் மண்ணில் வாழ்பவை, மண்ணின் நிறம். மண்கட்டி ஓரத்திலோ, மாட்டுக் குளம்பு பதிந்த குழியிலோ கூடு. பாடும்போது மட்டும் மேலே போகும், மறுபடி இறங்கிவிடும். இவர்கள் மேலே போகிற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், இறங்கவேயில்லை. அந்த வானம்பாடி ஷெல்லியின் புத்தகத்திலிருந்து வந்தது என்பது என் சந்தேகம். ஆங்கில பி.ஏ. படித்தவன் என்ற முறையில் அந்த நோய் எனக்குப் பரிச்சயம். மூன்று வருஷம் கீட்ஸின் நைட்டிங்கேலைப் பரீட்சைக்குப் படித்தோம். நம் பக்கமே வராத பறவை. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே என்ன கத்திக்கொண்டிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் இலக்கியத்துக்கு வெளியே இருந்தார்கள். புதுவை அரசுப் பணியில் இருந்த பி.எல். சாமி 1976இல் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ எழுதினார். பாட்டையும் விலங்கியலையும் ஒரே மேஜையில் வைத்த புத்தகம். பேராசிரியர் க. ரத்னம் தமிழில் வழங்கும் பறவைப் பெயர்களைத் தேடித் தொகுத்தார். மா. கிருஷ்ணன் ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய மாதவையாவின் மகன். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை இயற்கைப் பத்தி எழுதினார். தமிழிலும் எழுதியிருக்கிறார், தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ கிடைக்கிறது. உரைநடையைப் பற்றி இவ்வளவு சர்ச்சை செய்த சிறுபத்திரிகைகள் அவருடைய உரைநடையை ஏன் கவனிக்கவில்லை? ‘தகவல்’ என்று நினைத்திருப்பார்கள். பார்த்ததைத் தவிர ஒன்றும் சொல்லாத ஒரு வாக்கியம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எதிர்ப் பக்கத்து அபாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இப்போது கைப்பேசியை நீட்டினால் அதுவே குரலைக் கேட்டுப் பெயர் சொல்லிவிடுகிறது. பொங்கலுக்கு ஒரு கணக்கெடுப்பு, பிப்ரவரியில் கொல்லைப்புறக் கணக்கெடுப்பு ஒன்று. ஓரிடத்தில் 15 நிமிஷமாவது நின்று எண்ணி அனுப்பவேண்டும். அந்தக் கணக்கு விஞ்ஞானத்துக்கு வேண்டியதுதான், நானும் அனுப்புகிறேன். ஆனால் நிற்காமலே பெயர் கிடைத்துவிட்டால், அது நண்பர் சொன்ன சீட்டாகவே ஆகிவிடும். அது சொல்வதும் ஊர்ப்பெயர் அல்ல. மடையில் நிற்பதால் மடையான். தண்ணீர் எங்கே விழும், மீன் எங்கே ஒதுங்கும் என்று தெரிந்த உழவன் அந்தப் பறவைக்கும் அது தெரியும் என்று கண்டு வைத்த பெயர். அரசலாற்றங்கரையில் பெரியவர்கள் இன்னும் இதைச் சொல்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கொக்கு. கவிதையில் அடுத்து இருபது ஊர்ப்பெயர்களை வரிசையாக அடுக்கி மண்வாசனை காட்டும் ஒரு கோஷ்டி வரும் என்றும் எதிர்பார்க்கிறேன். பெயர்ப் பட்டியல் கவிதையாகாது என்பதை அப்போது எழுத வேண்டியிருக்கும்.

நண்பர் சமீபத்தில் ஒரு கவிதை அனுப்பியிருந்தார். தெருவிளக்குக் கம்பியில் ஒரு பறவை. மற்றவையெல்லாம் அடைந்த பிறகும் அது மட்டும் போகவில்லை. விளக்கைச் சுற்றும் பூச்சிகளுக்குள் பாய்ந்து, திரும்பி, அதே இடத்தில் உட்காருகிறது. இவ்வளவும் அவர் கண்ணால் பார்த்தது. இப்படிக் கற்பனை செய்ய முடியாது. அது கரிச்சான். கு.ப.ரா. புனைபெயராக வைத்துக்கொண்டது, அவரிடமிருந்து நாராயணஸ்வாமி ‘கரிச்சான் குஞ்சு’ ஆனதும் அதனால்தான். திருப்பாவையில் விடியலில் கேட்கும் ஆனைச்சாத்தனும் அதுதான் என்பார்கள். இருட்டு விலகுமுன் எழுந்து, இருட்டின பிறகும் வேலையை விடாத பறவை. நண்பரின் கவிதையில் அது ஐந்தாவது வரியில் ‘தனிமை’ ஆகிவிட்டது. அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, வால் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.