அரை மணி நேர அல்பேனியர்

பைரன் பிரபு என்றதும் ஆங்கில இலக்கியம் படித்த நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது அநேகமாக ஒரே படம்தான். தங்கச் சரிகை நெருக்கித் தைத்த சிவப்பு வெல்வெட் மேலங்கி, தலையைச் சுற்றிக் கட்டித் தோளில் தொங்கவிட்ட பட்டுத் துணி, மெல்லிய மீசை, கைக்குள் அணைத்துப் பிடித்த வாள். முஸ்லிம் தேசமொன்றின் இளவரசரோ என்று முதல் பார்வைக்குத் தோன்றும். "பார்த்தீங்களா, வெள்ளைக்காரப் பிரபு நம்மட உடுப்பில!" என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. ஒரு காலத்தில் நானும் சந்தோஷப்பட்டவன்தான்.

வரைந்தவர் தோமஸ் பிலிப்ஸ். 1770இல் இங்கிலாந்தின் டட்லியில் பிறந்து, பர்மிங்ஹாமில் கண்ணாடி ஓவியத் தொழில் பழகி, பிறகு லண்டனில் உருவப்பட ஓவியராகப் பேர் எடுத்தவர். 1807இல் கவிஞர் வில்லியம் பிளேக்கையும் அவர் வரைந்தார். அதில் உடுப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கையில் பென்சில், நமக்குத் தெரியாத எதையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள். அவ்வளவுதான், ஆனாலும் மனிதர் நம் முன்னால் இருக்கிறார். பைரன் படத்தில் விஷயம் தலைகீழ். முகம் மெழுகுபோல வழுவழுப்பாகக் கிடக்க, உயிரெல்லாம் சரிகைக்குப் போய்விட்டது. பிலிப்ஸுக்குக் கை வராமல் போனதாக நான் நினைக்கவில்லை. முன்னால் இருந்தவர் காட்ட வந்ததே உடுப்பைத்தான்.

1814இல் ரோயல் அக்கடமி கண்காட்சியில் இது 'அல்பேனிய உடையில் ஒரு பிரபு' என்றுதான் வைக்கப்பட்டது. பெயர் போடவில்லை, போடத் தேவையும் இருக்கவில்லை. முந்திய வருடம்தான் 'கியாவுர்' வந்திருந்தது. முஸ்லிம் அல்லாதவரைத் துருக்கியர் அழைக்கும் சொல் அது. அதே 1814 பெப்ரவரியில் வந்த 'கோர்ஸெயர்' முதல் நாளிலேயே பத்தாயிரம் பிரதிகள் விற்றது. உஸ்மானிய நாட்டுக் கதைகள் லண்டனில் நல்ல விலைக்குப் போன நேரம். படமும் அந்தச் சந்தைக்குரியதுதான்.

உடுப்பு வந்த கதை 1809இல் தொடங்குகிறது. இருபத்தொரு வயதுப் பைரன் தெப்பலேனாவில் அலி பாஷாவின் விருந்தாளி. தன்னை வாப்பாவாக நினைத்துக்கொள்ளும்படி பாஷா சொன்னாராம். பாதாமும் ஸர்பத்தும் இனிப்பும் நாளுக்கு இருபது தடவை அனுப்பினாராம். சின்னக் காதுகளையும் வெள்ளைக் கைகளையும் பார்த்தே உயர்குலத்தவர் என்று கண்டுகொண்டாராம். இதையெல்லாம் பைரனே பெருமையோடு தாயாருக்கு எழுதினார். அல்பேனிய உடுப்பு ஒன்று ஐம்பது கினி, இங்கிலாந்தில் என்றால் இருநூறு ஆகும் என்ற கணக்கும் அதே கடிதத்தில் இருக்கிறது.

அந்த உடுப்பை அங்கே முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உடுத்தார்கள். ஆகவே 'நம்மட உடுப்பு' என்பது பாதிதான் சரி. என் மனக்குறை வேறு. பைரனிடம் வேலை செய்த அல்பேனியர் இருவரில் தர்வீஷ் தாஹிரி கிட்டத்தட்ட அவர் வயதுக்காரர். 1810இல் மொரியாவில் பைரன் காய்ச்சலில் விழுந்தபோது, குறித்த நாளுக்குள் குணமாகாவிட்டால் கழுத்தை அறுப்போம் என்று வைத்தியரையே மிரட்டியவர்கள் இவர்கள். பைரன் ஊருக்குப் புறப்பட ஆயத்தமாகிச் சம்பளத்தைக் கொடுத்தபோது, தர்வீஷ் காசை நிலத்தில் வீசியெறிந்து, கைகளைக் கோத்து நெற்றிக்கு உயர்த்தி, விம்மி அழுதபடி வெளியே ஓடினார். 'சைல்ட் ஹரோல்ட்' இரண்டாம் காண்டத்தின் பின்குறிப்பில் பைரன் இதை எழுதியிருக்கிறார். காவியத்துக்குள் அல்ல, பின்குறிப்பில். கவிதையில் வருகிற பாஷாக்களையும் கொள்ளைக்காரரையும் விட அந்த ஒரு பத்தியில்தான் எனக்கு அல்பேனியாவின் மூச்சுக் கேட்கிறது. பிலிப்ஸின் படத்துக்குள் அது வரவில்லை. உடுப்பு மட்டும்தான் லண்டன் வந்தது.

அதுவும் நெடுநாள் பைரனிடம் நிற்கவில்லை. 1814 மே மாதம் மேர்சர் எல்பின்ஸ்டன் என்ற சீமாட்டிக்கு மாறுவேட விருந்தில் உடுத்த அதைக் கொடுத்துவிட்டார். இங்கிலாந்தில் தான் அதைப் போட்டது பிலிப்ஸுக்காக அரை மணி நேரம் மட்டுமே என்றும், நினைக்க விரும்பாத ஒன்றிரண்டு விஷயங்களை அது நினைவூட்டுவதால் போனால் நல்லது என்றும் கூடவே எழுதினார்.

உடுப்பு இப்போது வில்ட்ஷயரில், போவுட் மாளிகையில். மூல ஓவியம் இருப்பது ஏதென்ஸ் பிரித்தானியத் தூதரகத்தில். உஸ்மானியருக்கு எதிரான கிரேக்கப் போருக்குப் போய் 1824இல் மிசொலோங்கியில் இறந்த கவிஞரை, அங்கு வருகிறவர்கள் அலி பாஷாவின் நாட்டு உடுப்பில் பார்க்கிறார்கள்.